அரை விநாடி ஆயுள்

வீடியோ விளையாட்டில் முதன்முதலாக ஒளி வால் விட்டுப் பறந்த கப்பலுக்கு அந்த வாலை யாரும் நிரல் எழுதிக் கொடுக்கவில்லை. 1962ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினிக்காக ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை எழுதினார்கள். அந்தக் கணினியின் வட்டத் திரைக்கு உள்ளே பூசியிருந்தது பி7 என்ற பாஸ்பர் பூச்சு. ரேடாருக்கென்றே உருவான சரக்கு. மின்கற்றை பட்ட இடம் நீலமாகப் பளிச்சிடும். கற்றை நகர்ந்துபோன பிறகும் அங்கே மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளி தங்கி நின்று மெல்லத் தேயும். ரேடார்காரருக்கு அது தேவைப்பட்டது; விமானம் சற்று முன் எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும். ஸ்பேஸ்வார் கப்பலுக்கோ அது இலவசமாக வாய்த்த அலங்காரம். கப்பல் முன்னே போகும், பச்சைத் தடம் பின்னே கரையும். கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், பழுதுபார்த்த ஒரு பிடிபி-1ல் இந்த விளையாட்டை இப்போதும் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

விளையாட்டுகளுக்கு எஃபெக்ட்ஸ் செய்வது என் பிழைப்பு. மந்திரக்கோலை வீசினால் பின்னால் மினுமினுவென்று தூள் பறக்க வேண்டும், வாள் சுழன்றால் காற்றில் நீலக் கோடு நிற்க வேண்டும், நாணயத்தை எடுத்தால் நாலு நட்சத்திரம் தெறிக்க வேண்டும். கேட்கிறவர் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போய்விடுவார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் உடனே துகள்களைப் பிறப்பிக்க உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை துகள், என்ன நிறம், என்ன வடிவம் என்று எல்லாம் பிறப்பைப் பற்றிய கவலை. ‘இது எப்போது சாகும், எப்படிச் சாகும்?’ என்று கேட்டால் முழிப்பார்கள். இந்தத் தொழிலின் அறுபது வருடச் சரித்திரமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கணினி வருவதற்கு முன்பே மந்திரத் தூள் இருந்தது. டிஸ்னி நிறுவனத்தில் எஃபெக்ட்ஸ் அனிமேஷனுக்கென்று தனிப் பிரிவே இருந்தது; நெருப்பு, நீர், புகை, பனித்துளி எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1940ல் வந்த ‘ஃபேன்டேசியா’வில் சிறு தேவதைகள் பூவையும் சிலந்தி வலையையும் தொட்டுத் தொட்டுப் பனித்துளி ஏற்றும் காட்சி அவர்கள் கைவண்ணம். 1953ல் வந்த ‘பீட்டர் பேன்’ படத்தில் டிங்கர் பெல் பறக்கும் வழியெங்கும் பொன்தூள் சிந்துகிறது. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அந்தப் புள்ளிகளைக் கையால் வரைந்தார்கள். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்று புரியும். தூள் அவளைப் பின்தொடர்வதில்லை. அவள் இருந்த இடத்தில் நிற்கிறது, பிறகு தன் பாட்டுக்குக் கீழே இறங்குகிறது, ஒன்றிரண்டு அணைந்து மறுபடி மின்னி அப்புறம் மறைகிறது. இன்றைக்கு எந்த விளையாட்டில் தேவதை பறந்தாலும் நாங்கள் போடுவது இந்தக் கணக்குதான்.

பிடிபி-1 திரை தந்த இலவச வால், விளையாட்டுகள் தொலைக்காட்சி மாதிரியான திரைக்கு வந்ததும் போய்விட்டது. சாதாரணத் திரையின் பாஸ்பர் சட்டென்று அணைந்துவிடும். ஒவ்வொரு ஃப்ரேமும் புதிதாக வரையப்படும். இனி வால் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு ஆள் நிரல் எழுத வேண்டும். 1981ல் யூஜின் ஜார்விஸ் வடிவமைத்து வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிஃபெண்டர்’ இந்த விஷயத்தில் முக்கியமானது. அதில் சுடப்பட்ட எதிரி துண்டு துண்டாகச் சிதறிப் பறப்பான். புதிய எதிரி வரும்போது அதே சிதறலைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். எங்கிருந்தோ வரும் துணுக்குகள் ஒன்றுகூடி உருவமாகும். ஒரே வித்தையில் சாவும் பிறப்பும் முடிந்தது. சிக்கனம் என்றால் அது!

நடுவில் ஒரு வேடிக்கை. 1992ல் வந்த விண்டோஸ் 3.1ல் மவுஸ் அம்புக்குறிக்குப் பின்னால் நிழல் வரிசையாக வரும்படி வைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது. பலர் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கால மடிக்கணினிகளின் எல்சிடி திரை மிக மந்தம். அம்புக்குறி வேகமாக நகர்ந்தால் திரை அதைக் காட்டுவதற்குள் அது வேறிடம் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. தொலைந்ததைக் கண்டுபிடிக்கத்தான் வால் கட்டினார்கள். ரேடார்காரரின் தேவையும் மடிக்கணினிக்காரரின் தேவையும் ஒன்றே.

இனி பெரிய ஆளுக்கு வருகிறேன். 1982 ஜூனில் ‘ஸ்டார் டிரெக் 2: த ராத் ஆஃப் கான்’ படம் வந்தது. அதில் ‘ஜெனிசிஸ்’ என்று ஒரு காட்சி: உயிரற்ற ஒரு கோளில் குண்டு விழுகிறது, விழுந்த இடத்திலிருந்து நெருப்புச் சுவர் எழுந்து கோளையே சுற்றி வளைக்கிறது. லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஆல்வி ரே ஸ்மித் தலைமையில் செய்தது. மலைகளை உருவாக்கியவர் லோரன் கார்பென்டர். நெருப்பு வில்லியம் ரீவ்ஸின் பொறுப்பு.

அதுவரை கணினியில் பொருள் என்றால் பரப்பு. முக்கோணம், வளைவு, இப்படி ஏதாவது ஓர் ஓடு. நெருப்புக்கு ஓடு கிடையாது. ரீவ்ஸ் அதை ஒரு கூட்டமாக நினைத்தார். ஒவ்வொரு துகளுக்கும் இடம், வேகம், அளவு, நிறம், ஊடுருவும் தன்மை, வடிவம், ஆயுள் என்று ஒரு ஜாதகம் எழுதினார். எல்லாவற்றிலும் கொஞ்சம் குலுக்கல், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. குண்டு விழுந்த இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் துகள் ஊற்றுகளை வைத்தார். நெருப்புச் சுவர் உச்சத்தில் இருக்கும் காட்சிக்கு 400 ஊற்றுகள், ஏழரை லட்சம் துகள்கள் தேவைப்பட்டன.

1983ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் எங்கள் தொழிலின் முதல் நூல் என்று சொல்ல வேண்டும். தனக்கு முன்பே வீடியோ விளையாட்டுகளில் கப்பல் வெடித்து ஒளிப்புள்ளிகளாகச் சிதறியதை அதில் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த பகுதி, துகளை எப்போது கொல்வது என்பது. ஆயுள் தீர்ந்தால் கொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டால், ஆயுள் மிச்சமிருந்தாலும் கொல்லலாம். இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டிப் போய்விட்டாலும் கொல்லலாம். பார்ப்பவருக்குப் பயன்படாத எதற்கும் கணினி உழைக்கக் கூடாது என்பதுதான் இந்த மூன்றுக்கும் அடிப்படை.

நிறத்துக்கு அவர் செய்த தந்திரம் இன்னும் அழகு. ஒவ்வொரு துகளையும் ஒரு சிறு விளக்கு என்று வைத்துக்கொண்டார். ஒன்றின் மேல் ஒன்று வந்தால், மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்காது. இரண்டின் ஒளியும் கூடும். துகளின் நிறம் பெரும்பாலும் சிவப்பு, அதில் துளி பச்சை. தனியாகப் பறக்கும் துகள் சிவப்பாகத் தெரியும். பத்து இருபது துகள் ஒரே பிக்சலில் கூடினால் சிவப்பு அதன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், ஆனால் பச்சை கூடிக்கொண்டே போகும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் ஆரஞ்சு, இன்னும் சேர்ந்தால் மஞ்சள். நெருப்பின் நடுப்பகுதி தானாகவே தகதகத்தது. அங்கே மஞ்சள் பூச யாரும் தனியாக உட்காரவில்லை. வயதாக ஆகத் துகளின் பச்சையும் நீலமும் சீக்கிரம் வடியும், சிவப்பு மெதுவாக வடியும். பொறி ஆறுவது கண்ணுக்குத் தெரிகிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: கம்பியை ஒட்டி வெள்ளை, நடுவே பொன், நுனியில் சிவந்து இருளில் கரையும்.

ஆனால் அது சினிமா. ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரமானாலும் கணினி காத்திருக்கும். விளையாட்டில் விநாடிக்கு 30 ஃப்ரேமாவது போட்டாக வேண்டும். ஒளியை ஒளியோடு கூட்டும் கணக்கை அந்த வேகத்தில் செய்யும் வன்பொருள் வீட்டுக்குள் வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1994 டிசம்பரில் ஜப்பானில் சோனி பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. அதன் சிப்பில் ஒரு படத்தை இன்னொன்றோடு கலக்க நான்கு வழி இருந்தன: பாதிக்குப் பாதி, கூட்டல், கழித்தல், கால் பங்கு மட்டும் கூட்டல். நான்கே நான்கு. வாள் வீச்சுக்குப் பின்னால் வண்ணப் பட்டை நிற்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கிய நாம்கோவின் ‘சோல் எட்ஜ்’ பிளேஸ்டேஷனை ஒட்டிச் செய்த ஆர்கேட் எந்திரத்தில்தான் முதலில் ஓடியது. சண்டை விளையாட்டில் அந்தப் பட்டை வெறும் அழகு அல்ல. எதிராளியின் வாள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று கண் பிடித்துக்கொள்ள உதவியது. மறுபடியும் ரேடார்.

என் தலைமுறைக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது ‘க்வேக்’. 1996ல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறை அது. 1999 டிசம்பரில் அதன் மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிட்டார்கள். அதில் துகள்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ரேஷன்: திரையில் ஒரே நேரத்தில் 2048 துகள்கள், அதற்குமேல் கிடையாது. உயிரோடு இருக்கும் துகள்களுக்கு ஒரு பட்டியல், காலியாக இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல். துகள் செத்தால் காலிப் பட்டியலுக்குப் போகும், அடுத்த பொறிக்கு அதே இடம் கிடைக்கும். காலியே இல்லையென்றால் நிரல் எந்த அலட்டலும் இல்லாமல் திரும்பிவிடும். பொறி பிறக்காது, அவ்வளவுதான். ஒரு குண்டு வெடிப்புக்கு 1024 துகள், மொத்த ரேஷனில் பாதி.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அந்த விளையாட்டில் மொத்தமே 256 நிறம். ஒரு துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைக்க வழியில்லை. இருந்தால் முழுதாக இருக்கும், இல்லையென்றால் இல்லை. அதனால் மங்குவதை நிறத்தால் நடித்துக் காட்டினார்கள். ராக்கெட்டின் வால் துகளுக்கு ஆறு நிறம் கொண்ட ஒரு படிக்கட்டு உண்டு. நெருப்பு நிறத்தில் தொடங்கி சாம்பல் நிறத்தில் முடியும். துகள் அதில் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் செத்துப்போகும். போகிற போக்கில் லேசாக மேலே எழும்பும், புகையாயிற்றே.

அதே கோப்பில் பறக்கும் பூதம் ஒன்று துப்பும் எச்சிலுக்கு ஒரு மந்திர வால் இருக்கிறது. பச்சை நிறம், இரண்டாகப் பிரிந்து போகும். அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். பறக்கும் பொருள் மூன்று அலகு தூரம் நகர்ந்தால் ஒரு துகள். ஒற்றைப்படைத் துகளை ஒரு பக்கம் தள்ளு, இரட்டைப்படைத் துகளை மறுபக்கம் தள்ளு. நாலு துகளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்று. அரை விநாடியில் கொன்றுவிடு. ஏழெட்டு வரிதான். திரையில் பார்த்தால் இரண்டு பச்சை நூல்கள் விரிந்துகொண்டே போவதுபோல் இருக்கும். வேறொரு பூதம் தீக்கணைகளை விடும்; அதற்கும் இதே வரிகள்தான், நிறம் மட்டும் ஆரஞ்சு.

இதில் ‘மூன்று அலகு தூரத்துக்கு ஒன்று’ என்பதை மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நேரத்துக்கு இத்தனை என்று துகளைப் பிறப்பித்தால், பொருள் மெதுவாகப் போகும்போது தூள் குவிந்துவிடும், வேகமாகப் போகும்போது நடுவே நடுவே ஓட்டை விழும். தூரத்தை வைத்துப் பிறப்பித்தால் வால் எந்த வேகத்திலும் சீராக இருக்கும். இன்றைய யூனிட்டி மென்பொருளிலும் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அதைத் தொடாமல் பூஜ்ஜியமாகவே விட்டுவைத்து, நேரக் கணக்கை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

1997 தொடக்கத்தில் க்வேக்கை வரைகலை அட்டையில் ஓட்டும் பதிப்பு வந்தபோது ஒவ்வொரு துகளும் ஒற்றை முக்கோணமானது. சதுரம் போட்டிருக்கலாம், ஆனால் சதுரத்துக்கு இரண்டு முக்கோணம் செலவாகும். ஒரே முக்கோணத்தின் மூலையில் வெறும் 8க்கு 8 பிக்சல் அளவில் உருண்டைப் புள்ளி ஒன்றை ஒட்டிவைத்தார்கள். மிச்ச இடம் கண்ணாடி மாதிரி ஒன்றும் தெரியாது. அந்த வருடக் கடைசியில் வந்த ‘க்வேக் 2’ன் ரெயில்கன் துப்பாக்கியைச் சுட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: குண்டு போன பாதையில் நேராக ஒரு சாம்பல் கோடு, அதைச் சுற்றி நீலச் சுருள். பள்ளிக்கூடத்து சைன், கோசைன்தான் அந்தச் சுருள். கோட்டில் ஓர் அலகு முன்னேறு, கொஞ்சம் திரும்பு, ஒரு துகள் வை, வெளிப்பக்கம் மெல்லத் தள்ளு. சுமார் ஒரு விநாடியில் சுருள் விரிந்து மங்கிவிடும். சுட்டவன் எங்கே நிற்கிறான் என்பதை அறை முழுவதுக்கும் காட்டிக்கொடுக்கும் சுருள் அது. அத்தனை பலமான துப்பாக்கிக்கு அந்த அழகே தண்டனை. எஃபெக்ட் ஒன்று விளையாட்டின் நியாயமாகவும் ஆனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1998ல் நின்டெண்டோவின் ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் நாயகனோடு கூடவே நாவி என்ற தேவதை மினுங்கிக்கொண்டு பறந்தது. 2010ல் ஆஸ்திரேலியாவின் ஹாஃப்பிரிக் நிறுவனம் ‘ஃப்ரூட் நிஞ்ஜா’ கொண்டுவந்தது. அதில் கத்தியே கிடையாது. விரல் போன இடத்தில் ஒரு வெண்பட்டை, அதுதான் கத்தி. விளையாட விளையாடக் கிடைக்கும் பரிசுகளில் வேறு வேறு வீச்சுத் தடங்களும் உண்டு. அந்தப் பட்டையைச் செய்வது துகள் வேலை அல்ல. விரல் கடந்த புள்ளிகளை வரிசையாக நினைவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஒரு முனை வைத்து, முக்கோணங்களால் நாடாபோல் கோத்துவிடுவார்கள். வாலின் நுனி குறுகிக்கொண்டே வந்து மறையும். விரல் சட்டென்று திரும்பினால் நாடா முறுக்கிக்கொண்டு மடிப்பு விழும். அதைச் சரிசெய்வதில் நிறையப் பேரின் தூக்கம் போயிருக்கிறது. நாடாவின் மேல் துகளைத் தூவினால்தான் மந்திர வால் முழுமை. நாடா போன வழியைச் சொல்லும், துகள் போன வேகத்தைச் சொல்லும்.

ஒளியைக் கூட்டும் தந்திரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எங்கள் பிரிவில் ஒரு தம்பி அருமையாக ஒரு மந்திர வால் செய்திருந்தான். கறுப்புப் பின்னணியில் ஜொலித்தது. விளையாட்டுக்குள் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை.

“அண்ணா, லைட் பத்தலையா? இன்னும் ஏத்திடவா?”

“பின்னாடி வானம் என்ன கலர்டா?”

“வெள்ளை...”

“வெள்ளையில எதைக் கூட்டினாலும் வெள்ளைதான். கொஞ்சம் மறைக்கவும் செய்யணும், கொஞ்சம் கூட்டவும் செய்யணும்.”

ஒரே படத்தில் பாதி மறைக்கும், பாதி கூட்டும் அந்தக் கணக்கும் லூகாஸ்ஃபில்மிலிருந்தே வந்தது. 1984ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும், படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கான இலக்கணத்தை எழுதினார்கள். ஊடுருவும் அளவை நிறத்தோடு முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொள்வது அதன் சாரம். ரீவ்ஸ் நெருப்பு மூட்டிய அதே கணினிப் பிரிவு! நாங்கள் தினமும் தொடும் இரண்டு பெரிய கருவிகளும் அடுத்தடுத்த வருடங்களில் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

இன்று வரைகலை அட்டையே துகள்களைக் கணக்குப் பார்த்துக்கொள்கிறது, லட்சக்கணக்கில் விடலாம். அன்ரியல் விளையாட்டு எஞ்சினின் நயாகரா போன்ற கருவியில் கோடு இழுத்துக் கட்டம் சேர்த்தால் போதும், நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் ரேஷன் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. விலை குறைந்த செல்போனில் எண்ணிக்கை பிரச்சினை இல்லை, பரப்புதான் பிரச்சினை. திரையை அடைத்துக்கொண்டு கண்ணாடிபோல் பத்துப் புகைப்படலம் ஒன்றன்மேல் ஒன்று நின்றால், ஒரே பிக்சலைப் போன் பத்துமுறை வரைய வேண்டும். விளையாட்டு திணறும், போன் கொதிக்கும். ஆயிரம் சின்னப் பொறியைவிடச் சாகத் தெரியாத பத்துப் பெரிய படலம் ஆபத்து. என் வேலை நேரத்தில் பெரும்பகுதி, செய்வதில் போவதில்லை. எதை எத்தனை நொடி முன்னால் கொன்றால் யாருக்கும் தெரியாது என்று பார்ப்பதில் போகிறது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். காசு கொடுத்து மந்திரத் தூள் தொகுப்பு எதையும் வாங்குவதற்கு முன்னால், க்வேக்கின் மூல நிரலை இறக்கிக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. அதில் ‘ஆர்_பார்ட்.சி’ என்ற கோப்பைத் திறந்து, ‘ராக்கெட் டிரெயில்’ என்று பெயர் வரும் பகுதிக்குப் போங்கள். சி மொழி தெரியாதென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வாலுக்கு 0.5 என்று ஆயுள் போட்டிருக்கும். அதை 20 ஆக்கி விளையாடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 2048ம் தீர்ந்துபோய், அடுத்து வெடிக்கும் குண்டுக்கு ஒரு பொறிகூட வராது. பார்த்துவிட்டு மறுபடி 0.5 என்றே மாற்றிவையுங்கள்.